வாதமா? வாணிபமா?

வாதம் வேறு, வம்பு வேறு. உண்மையைத் தேடி இருவர் எதிரெதிரே அமர்வது வாதம். ஒருவரை ஒருவர் வீழ்த்துவதற்கென்றே அமர்வது வம்பு. இவ்விரண்டையும் பிரித்தறியும் ஆற்றல் ஒரு சமுதாயத்தில் மங்கிவிடுமானால், அங்கே படித்தவர்கள் பெருகலாம், அறிவு பெருகாது. இதனை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். உணர்ந்ததோடு நில்லாமல், வாதத்திற்கென்றே ஒரு தனிக்கலையை வகுத்து, அதற்கு இலக்கணம் எழுதி, அதனை மத்ரஸாக்களில் பாடமாகவும் வைத்தனர். அக்கலையின் உரைகல்லில் நம் காலத்துப் புகழ்பெற்ற சொற்போர் ஒன்றை உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

லண்டன் மாநகரின் யங் விக் அரங்கில் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு நாடகம் நடிக்கப்பெற்றது. எழுதியவர் ஜேம்ஸ் கிரஹாம். இயக்கியவர் ஜெரமி ஹெரின். 'பெஸ்ட் ஆஃப் எனிமீஸ்' என்பது அதன் பெயர். 'மிகச் சிறந்த பகைவர்கள்' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். மோர்கன் நெவில், ராபர்ட் கார்டன் என்னும் இருவர் இதே பெயரில் 2015இல் வெளியிட்ட ஆவணப்படமே நாடகத்திற்குத் தூண்டுகோல். 2022 நவம்பரில் நாடகம் அந்நகரின் நோயல் கவர்ட் அரங்கிற்கு மாறிற்று. 2023இல் அதன் ஒளிப்பதிவு திரைப்படக் கொட்டகைகளிலும் காட்டப்பட்டது. 1968இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரு கல்விமான்கள் நிகழ்த்திய அரசியல் சொற்போரே அந்நாடகத்தின் பொருள்.

இந்நாடகத்தைக் கண்டோரும், அச்சொற்போரின் வரலாற்றைப் படித்தோரும் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றிற்கு வந்து சேர்கின்றனர். "ஆகா, அக்காலத்தில் வாதிட்டவர்கள் எத்தகைய புலமையாளர்கள்! இக்காலத்துக் கூச்சலோடு ஒப்பிட்டால் அதுவன்றோ பொற்காலம்!" என்பது ஒரு முடிவு. "ஓர் இரவில் இருவரும் நிதானம் இழந்தனர், அன்று தொடங்கியது பொதுவாழ்வின் சீரழிவு" என்பது மற்றொன்று. முதலாவது ஏக்கம், இரண்டாவது இரக்கம். இரண்டுமே தவறு என்பது நமது துணிபு. அச்சொற்போர் ஓர் இரவில் கெட்டுப்போனதன்று. அது கெட்டே பிறந்தது.

நிகழ்ந்தது என்ன?

1968ஆம் ஆண்டு அமெரிக்க மக்களுக்குத் துயரம் மிகுந்த ஆண்டு. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தது. அவ்வாண்டில் மட்டும் அங்கே மாண்ட அமெரிக்கப் போர்வீரர்கள் 16,000 பேருக்கும் அதிகம். மாண்ட வியட்நாமியரோ அதனினும் பன்மடங்கு. ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூன் மாதத்தில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டு இறந்தார். மீண்டும் தேர்தலில் நிற்பதில்லை என்று அதிபர் ஜான்சன் மார்ச் மாதத்திலேயே அறிவித்துவிட்டார். நாட்டை அடுத்து ஆள்பவர் யார், போரைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற கேள்விகள் ஒவ்வொரு வீட்டின் வாயிற்படியிலும் நின்றன.

அந்த ஆகஸ்டு மாதத்தில் இரு பெருங்கட்சிகளும் தத்தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாடுகளைக் கூட்டின. குடியரசுக் கட்சி மியாமி கடற்கரையில் கூடி நிக்சனைத் தேர்ந்தது. ஜனநாயகக் கட்சி சிகாகோவில் கூடி ஹம்ஃப்ரியைத் தேர்ந்தது. அக்காலத்து அமெரிக்காவில் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் மூன்று. அவற்றுள் ஏ.பி.சி. என்பது மூன்றாம் இடத்தில் இருந்தது. நான்காவதாக ஒன்று இல்லாததனால்தான் அது மூன்றாவது என்று எள்ளி நகையாடப்பட்டது. ஏனைய இரண்டும் மாநாட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை காட்டும் வளம் படைத்தவை. ஏ.பி.சி.க்கு அவ்வளம் இல்லை. ஆகவே அது நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் மட்டும் மாநாட்டிற்கு ஒதுக்கியது. அந்நேரத்திற்குச் சுவை சேர்க்க இரு அறிஞர்களை ஊதியம் கொடுத்து அமர்த்தியது.

ஒருவர் வில்லியம் பக்லி. 1955இல் 'நேஷனல் ரிவ்யூ' என்னும் ஏட்டைத் தொடங்கி, பழமைவாத அரசியலுக்கு ஒரு மேடை அமைத்துத் தந்தவர். 1965இல் நியூயார்க் மேயர் தேர்தலில் நின்று தோற்றவர். மற்றவர் கோர் விடால். நாவலாசிரியர், நாடகாசிரியர், 1960இல் ஜனநாயகக் கட்சியின் சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றவர். இருவரும் 1925ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். இருவருமே சொல்வன்மையில் நிகரற்றவர்கள். கொள்கையிலோ ஒருவர் வடதுருவம், மற்றவர் தென்துருவம்.

இனிச் சொல்வதை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். எவருடன் அமர நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று அந்நிறுவனம் பக்லியிடம் கேட்டது. பொதுவுடைமைக்காரர் எவருடனும் அமர மாட்டேன், கோர் விடாலுடனும் அமர மாட்டேன் என்று அவர் விடையளித்தார். பின்னர் அதே விடால்தான் அவருக்கு எதிரில் அமர்த்தப்பட்டார். அறிவுக்காகத் தேர்ந்தெடுத்திருந்தால், போரைப் பற்றி ஆழ்ந்து கற்ற ஒருவரை அழைத்திருக்கலாம். வறுமையைப் பற்றி ஆய்ந்த ஒருவரை அழைத்திருக்கலாம். தேர்ந்தெடுத்ததோ வெறுப்பை அளந்து! எங்கே பகை மிகுதியோ அங்கே பார்வையாளர் மிகுதி என்ற கணக்கு அது.

இரு மாநாடுகளையும் ஒட்டிப் பத்துச் சொற்போர்கள் நடந்தன. ஹவர்ட் கே. ஸ்மித் என்னும் செய்தியாளர் நடுவில் அமர்ந்தார். ஆகஸ்டு 28ஆம் நாள் நடந்தது ஒன்பதாவது. அன்று சிகாகோ வீதிகளில் போரை எதிர்த்துத் திரண்ட இளைஞர்களைக் காவல்துறையினர் தடிகொண்டு தாக்கினர். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான ஆய்வறிக்கையே அதனைக் காவல்துறையின் கலவரம் என்று குறிப்பிட்டது. அக்காட்சிகளைக் காட்டிய பின்னர் ஸ்மித் ஒரு கேள்வியை எழுப்பினார். பூங்காவில் சிலர் வியட்காங் கொடியை ஏற்ற முயன்றனரே, இரண்டாம் உலகப்போரின் காலத்தில் இங்கே நாஜிக் கொடியை ஏற்றியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பது கேள்வி. மறுமொழிகள் தடித்தன. விடால் பக்லியை மறைமுக நாஜி என்றார். பக்லி, விடாலின் அந்தரங்க வாழ்வைச் சுட்டும் இழிசொல் ஒன்றால் அவரை விளித்து, முகத்தில் குத்துவேன் என்று மிரட்டினார். நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. நடுவரோ நிகழ்ச்சியை முடிக்கும்போது, இன்று வழக்கத்தைவிட வெப்பம் சற்று மிகுதி, வெளிச்சம் சற்றுக் குறைவு, ஆயினும் கேட்கத் தகுந்ததே என்ற கருத்துப்படக் கூறி நன்றி நவின்றார்.

மறுநாள் பத்தாவது சொற்போரும் நடந்தது. ஒப்பந்தம் ஒப்பந்தமன்றோ!

மூன்று பெயர்கள்

இனி, முன்னோர் வகுத்த இலக்கணத்திற்கு வருவோம். அரபு மத்ரஸாக்களில் 'முனாழரா' என்றொரு கலை போதிக்கப்படுகிறது. நிஜாமியா பாடத்திட்டத்தில் ஓதிய ஆலிம்கள் 'ரஷீதிய்யா' என்ற நூலை அறிவர். ஜோன்பூரைச் சேர்ந்த அப்துர் ரஷீத் (ரஹ்) அவர்கள் 17ஆம் நூற்றாண்டில் எழுதிய விரிவுரை அது. இருவர் எதிர்த்துப் பேசுவதை அக்கலை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மை வெளிப்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு பேசினால் அது முனாழரா. எதிரியின் வாயை அடைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு பேசினால் அது முஜாதலா. இவ்விரு நோக்கமும் இன்றித் தன் பெருமையை நிலைநாட்டுவதற்காகவே பேசினால் அது முகாபரா. பேசும் சொற்கள் மூன்றிலும் ஒன்றாகவே இருக்கலாம். மேற்கோள்களும் ஒன்றாகவே இருக்கலாம். நோக்கமே பெயரை மாற்றுகிறது.

நோக்கம் உள்ளத்தில் மறைந்திருப்பது. அதனை வெளியிலிருந்து அறிவது எங்ஙனம்? அதற்காகவே முன்னோர் நெறிகளை விதித்தனர். முதலில் பேசுபொருள் இன்னதென்று வரையறுக்கப்பட வேண்டும். ஒருவர் ஒரு கூற்றை முன்வைத்து அதனை நிறுவும் பொறுப்பை ஏற்க வேண்டும். மற்றவர் வினவுபவராக நிற்க வேண்டும். வினவுபவருக்கும் வழிகள் வரையறுக்கப்பட்டவை. கூற்றின் அடிப்படையாக வைக்கப்பட்ட ஒன்றை ஏற்க மறுத்து அதற்குச் சான்று கேட்கலாம். அச்சான்று வேறோரிடத்தில் பொருந்தாமற்போவதைக் காட்டலாம். அல்லது நேர்மாறான முடிவுக்கு இணையான சான்றைக் கொண்டுவரலாம். இவற்றிற்கு அப்பால் எதிரியின் குலத்தையோ குணத்தையோ தோற்றத்தையோ தொடுவதற்கு அங்கே இடமே இல்லை. சான்று தீர்ந்தவர் வாய் மூட வேண்டும். அங்கே வாதம் முடிகிறது. வாதத்திற்கு ஒரு முடிவு உண்டு என்பதே இந்நெறிகளின் உயிர்நாடி.

ஏ.பி.சி. நடத்திய சொற்போரை இவ்வுரைகல்லில் உரைத்துப் பாருங்கள். பேசுபொருள் வரையறுக்கப்பட்டதா? இல்லை. அன்றன்று மாநாட்டில் நடப்பது எதுவோ அதுவே பொருள். கூற்றை நிறுவும் பொறுப்பு யாருடையது? எவருடையதும் அன்று. இருவரும் ஒரே நேரத்தில் குற்றம் சாட்டுபவர்கள். இருவரும் ஒரே நேரத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள். சான்று தீர்ந்தால் ஒப்புக்கொள்ளும் கடமை உண்டா? அறவே இல்லை. ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டால் மறுநாள் இரவுக்கு எதனைக் காட்டுவது? ஒப்புக்கொள்ளாமை அங்கே தற்செயலாக நேர்ந்த குணக்கேடன்று. நிகழ்ச்சியின் மூலதனமே அதுதான்.

ஆகவே அச்சொற்போர் முதல் நாளிலேயே முனாழராவாக இல்லை. முஜாதலாவாகத் தொடங்கி முகாபராவாக முடிந்தது. ஒன்பதாம் நாள் கேட்ட இழிசொல், எட்டு நாட்கள் விதைத்த வித்தின் விளைச்சல். விதைத்த நாளில் கைதட்டிவிட்டு அறுவடை நாளில் முகம் சுளிப்பது நேர்மையாகாது.

மூன்றாமவர்

எனினும் நம் பழைய நூல்கள் கூறாத ஒன்று இங்கே உண்டு. அந்நூல்கள் இருவரைத்தான் கணக்கில் கொண்டன: கூறுபவர் ஒருவர், வினவுபவர் ஒருவர். தொலைக்காட்சி மூன்றாமவர் ஒருவரைக் கொண்டுவந்து அமர்த்தியது. அவர் பேசமாட்டார். அவருக்கு உண்மை வெளிப்படுவதிலும் அக்கறை இல்லை. யார் வெல்வது என்பதிலும் அக்கறை இல்லை. சண்டை நடக்க வேண்டும், நாளையும் நடக்க வேண்டும் என்பது ஒன்றே அவர் விருப்பம். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்ற பழமொழியை நாம் அறிவோம். ஊர் தானாக இரண்டுபடும் வரை பழங்காலத்துக் கூத்தாடி காத்திருந்தான். இக்காலத்துக் கூத்தாடியோ ஊதியம் கொடுத்து ஊரை இரண்டுபடுத்துகிறான். அவன் நடத்தும் இந்த நான்காம் வகைக்கு 'வாணிபம்' என்பதைத் தவிர வேறு பெயர் நமக்குத் தோன்றவில்லை.

இத்தகைய மூன்றாமவர் முற்காலத்தில் அரசவைகளில் இருந்ததுண்டு. அதனை நேரில் கண்டு எச்சரித்தவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். அமைச்சர் நிஜாமுல் முல்க்கின் அவையில் அறிஞர்களோடு வாதிட்டுப் புகழ் ஈட்டியவர் அவர். 1091இல் பக்தாத் நிஜாமிய்யாவில் பேராசிரியராக அமர்த்தப்பட்டார். 1095இல் அத்தனை சிறப்பையும் துறந்து வெளியேறினார். பின்னர் அவர் எழுதிய 'இஹ்யா'வில் வாதத்திற்குரிய நிபந்தனைகளையும், அதனால் விளையும் தீங்குகளையும் வரிசைப்படுத்தியுள்ளார். காணாமற்போன பொருளைத் தேடுபவன் அது தன் கையில் கிடைத்தாலும் தோழன் கையில் கிடைத்தாலும் ஒன்றுபோலவே மகிழ்வான். வாதிடுபவனும் அவ்வாறே இருக்க வேண்டும் என்பது அவர் இட்ட நிபந்தனைகளுள் ஒன்று. பெரியோரும் ஆட்சியாளரும் கூடிய அவையில் வாதிடுவதைவிடத் தனிமையில் வாதிடுவதே அவனுக்கு விருப்பமாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இந்த இரண்டாம் நிபந்தனையை எண்ணிப் பாருங்கள். அவைக்கூட்டமே உள்ளத்தைக் கெடுக்கும் என்று அவர் அஞ்சினார். அவர் அஞ்சிய அவையில் நூறு பேர் இருந்திருக்கலாம். தொலைக்காட்சி கூட்டிய அவையிலோ இலட்சோப இலட்சம் பேர்! அந்த அவையின் முன் பக்லி தோல்வியை ஒப்புக்கொள்வாரா? விடால்தான் ஒப்புக்கொள்வாரா? தனியறையில் ஒருவேளை ஒப்புக்கொண்டிருக்கலாம். அரங்க விளக்கின் கீழ் ஒருபோதும் இயலாது. இதில் அவர்களுடைய குணத்தைவிட, அவர்கள் அமர்த்தப்பட்ட இருக்கையின் குற்றமே பெரிது.

கருவி குற்றவாளியா?

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். "அப்படியானால் அரசியல் வாதங்களை மக்களே கேட்கக் கூடாதா? எல்லாம் மூடிய அறைக்குள்ளேயே நடக்க வேண்டுமா? தொலைக்காட்சியே தீமையா?" என்று கேட்பவர் உண்டு. நேர்மையான கேள்விதான். அதற்கு வரலாறே விடை வைத்திருக்கிறது. அதுவும் பக்லியின் வாழ்விலிருந்தே.

1965 பிப்ரவரி 18ஆம் நாள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மாணவர் மன்றத்தில் பக்லி ஒரு வாதத்தில் கலந்துகொண்டார். எதிரில் நின்றவர் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின். அமெரிக்கக் கனவு என்பது அந்நாட்டுக் கறுப்பின மக்களை வாட்டி எய்தப்பட்டதா என்பது தலைப்பு. தலைப்பு முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் குறுக்கீடு குறைந்த நேரம் தரப்பட்டது. ஒருவர் முழுதும் பேசி முடிக்கும் வரை மற்றவர் செவிமடுத்தே ஆகவேண்டும். முடிவில் வாக்கெடுப்பு நடந்தது. பால்ட்வின் பக்கம் 544, எதிர்ப்பக்கம் 164. பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனத்தின் படக்கருவிகள் அங்கும் இருந்தன. பக்லியும் அதே பக்லிதான். ஆயினும் எவரும் எவரையும் இழிசொல்லால் விளிக்கவில்லை. எவரும் குத்துவேன் என்று எழவில்லை. தோல்வியை எண்ணிக்கையாலேயே சொல்லக்கூடிய ஒரு முடிவு அங்கே இருந்தது.

1966 முதல் 1999 வரை 'ஃபயரிங் லைன்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பக்லி நடத்தினார். அதில் தம் கொள்கைக்கு முற்றிலும் மாறானவர்களையும் அழைத்து நெடுநேரம் உரையாடினார். 1969இல் வியட்நாம் போரைப் பற்றி நோம் சோம்ஸ்கியோடு அவர் நிகழ்த்திய உரையாடலை இன்றும் தேடிக் காண்பவர் பலர். அதிலும் கூர்மை உண்டு, சினமும் உண்டு. ஆனால் பேச்சு பொருளை விட்டு ஓடவில்லை. போர் நியாயமா என்பதே அங்கே கேள்வி. எதிரில் இருப்பவர் யார் என்பதன்று.

ஆகவே கருவி குற்றவாளியன்று. கருவியின் பின்னால் நிற்கும் கணக்கே குற்றவாளி. கத்தி காய்கறி நறுக்கவும் உதவும், கழுத்தை அறுக்கவும் உதவும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வாதமன்று இது. எந்தெந்த நெறிகள் இருந்தால் அது நறுக்கும், எவை இல்லாவிட்டால் அறுக்கும் என்பதைக் கேம்பிரிட்ஜும் சிகாகோவும் நமக்குக் கண்கூடாகக் காட்டிவிட்டன.

இழந்தது என்ன?

ஆகஸ்டு 28ஆம் நாள் கேட்கப்பட்ட கேள்வியை மீண்டும் எண்ணிப் பாருங்கள். தன் நாடு போரில் இருக்கும்போது எதிரியின் கொடியைத் தூக்கும் உரிமை ஒரு குடிமகனுக்கு உண்டா? அரசு செய்யும் போர் அநீதியானது என்று கருதும் குடிமகனின் கடமை யாது? அவனைத் தடியால் அடிக்கும் அதிகாரத்தின் எல்லை எது? இவை அற்பமான கேள்விகளல்ல. போருக்குப் பிள்ளையை அனுப்பிய தாயும், போக மறுத்த பிள்ளையின் தந்தையும் விடை தேடித் தவித்த கேள்விகள். அன்று அவை எழுந்தன. அடுத்த நிமிடமே இரு மனிதர்களின் மானப்பிரச்சினைக்கு அடியில் புதைந்தன. மறுநாள் மக்கள் பேசியது வியட்நாமைப் பற்றியா? யார் யாரை என்ன சொன்னார் என்பதைப் பற்றியன்றோ!

மியாமியிலும் ஒன்றைக் காணலாம். குடியரசுக் கட்சி மாநாடு நடந்த அந்த வாரத்திலேயே, அந்நகரின் கறுப்பின மக்கள் வாழும் லிபர்ட்டி சிட்டி என்ற பகுதியில் கலவரம் மூண்டது, உயிர்கள் பறிபோயின. இன்று அச்சொற்போரை நினைவில் வைத்திருப்பவர்களுள் லிபர்ட்டி சிட்டியை நினைப்பவர் எத்தனை பேர்? சொல்லழகின் வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கேதான் உலகத்தின் பார்வையும் விழுகிறது. எஞ்சிய இடமெல்லாம் இருட்டு. வாதம் வாணிபமாகும்போது முதலில் காணாமற்போவது வாய்பேச இயலாதவனின் துன்பம்.

அவ்விருவருக்கேனும் நன்மை விளைந்ததா? அதுவும் இல்லை. 1969இல் 'எஸ்கொயர்' இதழில் பக்லி ஒரு நெடுங்கட்டுரை எழுதினார். அடுத்த மாதமே அதே இதழில் விடால் எதிர்க்கட்டுரை எழுதினார். அடுத்து அவதூறு வழக்கு, எதிர்வழக்கு. 1972இல்தான் அது ஓய்ந்தது. இதழ் நிறுவனம் பக்லியின் வழக்குச் செலவை ஏற்றுக்கொண்டது. பகையோ ஓயவில்லை. 2008இல் பக்லி மறைந்தபோது, இறந்தவர் என்றும் பாராமல் அவரைச் சபித்தே எழுதினார் விடால். 2012இல் அவரும் மறைந்தார். நாற்பதாண்டுக் காலம் இரு பெரும் அறிவாளிகளின் உள்ளத்தை அரித்த அந்தச் சில நொடிகள், நிறுவனத்துக்கு மட்டும் ஆதாயமாக முடிந்தன. சண்டையைப் பார்க்க மக்கள் வருவர் என்ற பாடத்தை அந்நிறுவனமும் கற்றது, ஏனையவையும் கற்றன. 1982இல் சி.என்.என். நிறுவனம் 'கிராஸ்ஃபயர்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி 2005 வரை நடத்தியது. வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர், நடுவில் கூச்சல். இந்நிகழ்ச்சி நாட்டுக்கே தீங்கு செய்கிறது என்று 2004இல் நகைச்சுவைக் கலைஞர் ஜான் ஸ்டூவர்ட் அதன் மேடையிலேயே அமர்ந்து கண்டித்தார். அடுத்த ஆண்டு அது நின்றது. நிகழ்ச்சிதான் நின்றது, அவ்வகை நிற்கவில்லை.

நாடகம் செய்ததும் செய்யாததும்

இனி நாடகத்தின் மீதான நமது வழக்கு. அதன் சிறப்பை மறைப்பது நீதியாகாது. திரைக்குப் பின்னால் இருந்த நிறுவனத்தையும் அதன் தவிப்பையும் கிரஹாம் மேடைக்குக் கொண்டுவந்துள்ளார். பிரிட்டனில் 'சன்' நாளிதழ் வளர்ந்த கதையை 2017இல் 'இங்க்' என்ற நாடகமாக்கியவர் அவர். செய்தி சரக்காக மாறும் விதத்தை அறியாதவரல்லர். ஜேம்ஸ் பால்ட்வினை ஒரு பாத்திரமாக்கி, இருவரையும் உற்றுநோக்கும் சாட்சியாக நிறுத்தியிருப்பதும் நல்ல முடிவு. பக்லியாக நடித்தவர் டேவிட் ஹேர்வுட் என்னும் கறுப்பின நடிகர். தென்மாநிலங்களில் எண்ணிக்கையில் குறைந்த வெள்ளையரும் அரசியலில் மேலோங்கி நிற்க உரிமை உண்டு என்று 1957இல் தம் ஏட்டின் தலையங்கம் வாயிலாக வாதிட்டவர் பக்லி. அவருடைய சொற்களை ஒரு கறுப்பினக் கலைஞரின் வாயிலிருந்து கேட்கும்போது, சொல் வேறு, சொல்பவர் வேறு என்ற உணர்வு காண்பவருக்கு ஏற்படும். எந்தச் சொல்லையும் அதன் சான்றைக் கொண்டே எடைபோட வேண்டும் என்ற பாடத்துக்கு இது துணைபுரியும்.

ஆயினும் நாடகக்கலைக்கு ஒரு பலவீனம் உண்டு. அதற்கு நாயகர்கள் வேண்டும், மோதல் வேண்டும், மோதலுக்கு ஓர் உச்சம் வேண்டும். அந்த உச்சம் ஒன்பதாம் நாள் இழிசொல்லே. காண வந்தவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே அதனை அறிவர்; அதற்காகவே காத்திருப்பர். 1968இல் ஏ.பி.சி. எதனை விற்றதோ, அதனையே 2021இல் அரங்கமும் விற்க நேர்கிறது. இருவருடைய நாவன்மையை மீண்டும் சுவைத்து மகிழும் அவை, தான் கண்டிக்க வந்த பண்டத்தையே வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறது. "என்ன அழகாகப் பேசினார்கள்!" என்று வியந்து வெளியேறும் ஒருவரிடம், "பேசியதில் எது உண்மை?" என்று கேட்டால் விடை கிடைக்குமா? ஐயமே.

புலமை இருந்ததனால் அச்சொற்போர் உயர்ந்தது என்று ஏங்குவோருக்கும் இதுவே நமது மறுமொழி. புலமையற்றவனின் வசை தெருவோடு போகும். புலமையுள்ளவனின் வசையோ முன்மாதிரியாகும். கற்றவன் நெறிதவறினால் அவன் கல்வியே அத்தவற்றுக்கு அழகிய ஆடை தைத்துக் கொடுக்கிறது. பக்லியும் விடாலும் அறிவிலிகளாக இருந்திருப்பின், அன்றைய நிகழ்ச்சியை அன்றே உலகம் மறந்திருக்கும். அவர்கள் அறிஞர்களாக இருந்ததனால்தான், அறிஞர்களே இப்படிப் பேசலாமெனில் நாம் பேசினால் என்ன என்ற துணிச்சல் பிறருக்குப் பிறந்தது.

நமக்கு என்ன?

கடல் கடந்த இக்கதை நமக்கு எதற்கு என்று வாசக நேயர்கள் கேட்கலாம். அந்த வடிவம் இன்று எந்த நாட்டு எல்லைக்குள்ளும் அடங்கியிருக்கவில்லை. மாலை மயங்கினால் நம் வீட்டு முன்கூடத்திலும் அதே மேசை, அதே இரு பக்கம், அதே நடுவர். பார்ப்பவர்கள் பெரியவர்கள் மட்டுமல்லர். அறைக் கோடியில் அமர்ந்து பாடம் எழுதும் பிள்ளையும் பார்க்கிறது. உரக்கப் பேசுபவனே வென்றவன், விடைகூறாமல் திருப்பிக் கேட்பதே திறமை, எதிரியின் பிறப்பையும் உடையையும் பழிப்பதே சான்று என்று அது கற்றுக்கொள்கிறது. மறுநாள் அண்ணன் தம்பிக்கிடையே ஒரு கருத்து வேறுபாடு எழுந்தால், அங்கே அந்த மேசைதான் மீண்டும் போடப்படுகிறது. மாணவர்களுக்கு வாதக்கலையைச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில், இத்தீங்கு எத்துணை ஆழமாக வேரோடுகிறது என்பதை வகுப்பறையில் நாள்தோறும் காண்கிறோம். சான்று கேட்டால் அவமதித்ததாக எண்ணும் பிள்ளைகள் பெருகிவருகின்றனர்.

பெட்டியை உடைத்தெறியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு சொற்போரைக் கேட்கும்போது குடும்பத்தோடு மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள் என்றே சொல்கிறோம். பேசுபொருள் இன்னதென்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா? அதனை நிறுவும் பொறுப்பு யாருடையது என்று தெரிகிறதா? சான்று தீர்ந்தபோது எவரேனும் ஒருமுறையாவது "ஒப்புக்கொள்கிறேன்" என்று சொன்னாரா? மூன்றுக்கும் விடை 'இல்லை' என்றால், அங்கே நடப்பது வாதமன்று. நம் நேரத்தையும் நம் பிள்ளைகளின் நெஞ்சையும் விலையாகக் கொடுத்து நாம் ஒரு பண்டத்தை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

வாங்குபவர் இல்லையேல் வணிகர் கடையை மூடுவர். ஏ.பி.சி. நிறுவனத்துக்கு 1968இல் ஆதாயம் தேடித் தந்தவர்கள் பக்லியும் விடாலும் மட்டுமல்லர். பத்து இரவுகளும் பெட்டியின் முன் அமர்ந்திருந்த மக்களும்தாம். அவர்களுக்கு அன்று எச்சரிக்கை கிட்டவில்லை. நமக்குக் கிட்டியிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளை ஒரு வாதத்தில் தோற்றுவிட்டு, "நீ சொன்னதே சரி" என்று தோழனிடம் சொல்லித் திரும்புமானால், அன்று அதனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அருகில் அழைத்துப் பாராட்டுங்கள். அத்தனை தொலைக்காட்சிகளும் கற்றுத்தராத ஒன்றை அப்பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறது.